முதற் கடற்பயணமும் சிறுவர் மனமும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை எழுதுமாறு கேட்கப்பட்ட பழைய மாணவர் பலரும் தாம் கற்ற காலத்தையும், விடுதிச் சோற்றையும், துடுப்பாட்டப் போட்டியில் கண்ட வெற்றியையும் எழுதுவது வழக்கம். அவை படித்தற்கு இனியனவே. எனினும், உடப்புசல்லாவையில் நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்தவனாகிய யான், அவற்றை எழுத வல்லார் கையில் விட்டு, சிறிதெனத் தோன்றும் பொருளொன்றை எடுத்துக்கொள்கின்றேன். குடும்பத்தோடு முதன்முறை கப்பலேறப்போகும் சிறு குழந்தைகளின் அச்சத்தை எவ்வாறு தணிப்பது என்பதே அது. இது தாய்மார் தம்முள் பேசிக்கொள்ளவேண்டிய விடயமன்றோ, கல்லூரி மலரில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அங்ஙனம் எண்ணுவோர் இறுதிவரை படித்தபின் தம் தீர்ப்பைக் கூறுவாராக.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை 2023 அக்டோபர் 14ஆம் நாள் 'செரியபாணி' என்னும் கப்பலோடு தொடங்கியது. சில நாள்களுள் பருவக்காற்றினால் நின்றது. பின்னர் 2024 ஆகஸ்ட் 16ஆம் நாள் 'சிவகங்கை' என்னும் கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அதுமுதல் மலையகக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு புதிய பேச்சு எழுந்துள்ளது. நீலகிரியிலும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழும் உறவினரைக் காண விமானத்தில் அன்றிக் கப்பலிற் செல்லலாமே என்பதுதான் அப்பேச்சு. கட்டணம், கடவுச்சீட்டு, விசா, பொதியின் நிறை முதலியன பற்றிப் பெரியோர் பல இரவுகள் பேசுகின்றனர். அடுப்படியிற் படுத்தவாறு அப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆறு வயதுக் குழந்தையை நோக்கி, "உனக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று கேட்பார் அரியர்.

இலங்கை ஒரு தீவு. அதன் எந்த இடமும் கடலுக்கு நூறு மைலுக்கு அப்பால் இல்லை. ஆயினும் நம் தோட்டப்புறங்களில் கடலைக் கண்ணாற் காணாத பிள்ளைகள் இன்றும் உளர். அவர்கள் அறிந்த நீர், கானில் ஓடும் நீரும், பீலியில் விழும் நீரும், மழைக்காலத்தில் லயத்தின் கூரைத் தகரத்தைத் தட்டும் நீருமே. கரை தெரியாத நீர் என்பதை அவர்கள் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருப்பர். தொலைக்காட்சியோ கடலைக் காட்டும்போது பெரும்பாலும் புயலையோ, சுறாவையோ, மூழ்கும் கப்பலையோ காட்டுகின்றது. அமைதியாக ஒரு நாள் முழுதும் கிடக்கும் கடலைக் காட்டினால் எவர் பார்ப்பார்? எனவே யாழ்ப்பாணத்துக் கரையூரிற் பிறந்த பிள்ளைக்குக் கடல் அயல்வீட்டு முற்றம்போல்வது. நம் பிள்ளைக்கு அது கதையில் வரும் பூதம்போல்வது. கடற்பயணம் பற்றி மேனாட்டார் எழுதும் அறிவுரைகள் பலவும் கடற்கரை விடுமுறையிற் பழகிய பிள்ளைகளுக்கென எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே நம் பிள்ளைகளுக்கு வழங்குதல் பொருந்தாது.

பொருந்தாமைக்கு வேறொரு காரணமும் உண்டு, அதுவே பெரிது. நம் குடும்பங்களில் 'கப்பல்' என்னும் சொல் வெறும் ஊர்தியின் பெயரன்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவுசெய்யப்படும் என்றும் இரண்டு நாடுகளின் தலைவர்கள் வகுத்தனர். 1974இல் அந்த எஞ்சியோரையும் பாதிபாதியாகப் பிரித்தனர். சந்தையில் உருளைக்கிழங்கைக் கூறுபோடுவதுபோற் கூறுபோடப்பட்டோர் நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமே. அண்ணன் அக்கரையும் தம்பி இக்கரையுமாகக் குடும்பங்கள் பிளந்தன. நானு ஓயாவிலும் அட்டனிலும் புகைவண்டி ஏறியோர் தலைமன்னார் சென்று, அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். அவ்வண்டிக்கு நம் மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி' என்பது. நிலையத்தில் நின்றோரும் வண்டியில் அமர்ந்தோரும் ஒருவரையொருவர் பற்றி அழுத அழுகையினின்றும் பிறந்த பெயர் அது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்ஙனம் சென்றனர். 1984இல் போர்ச்சூழலினால் அக்கப்பற் சேவையும் நின்றது.

அதற்கு முன்னரும் கடல் நம்மவர்க்கு இனியதாய் இருந்ததில்லை. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வழியிலே காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டோர் பலர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பற் சேவையும் தொடங்கியபின் வழி இலகுவாயிற்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. பயணிகளோடு சென்ற புகைவண்டியொன்றையும் கடல் கொண்டது. உடன்படிக்கை ஒப்பமிட்டு இரண்டு திங்கள் ஆகுமுன் இது நிகழ்ந்தமையால், போகவேண்டியோர் நெஞ்சில் அச்செய்தி எவ்வாறு பாய்ந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் ஈண்டு எடுத்துரைப்பது வரலாற்றுப் பாடம் நடத்துதற்கன்று. பாட்டி ஒருத்தி, "கப்பலா? வேண்டாமடி தாயே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைக்கும்போது, அருகில் இருக்கும் பேரப்பிள்ளை அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. பாட்டியின் கண்ணீர் 1970ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பது பிள்ளைக்குத் தெரியாது. அது அடுத்த மாதத்தைச் சேர்ந்ததென்றே பிள்ளை கொள்ளும். கப்பல் என்றால் அழுகை, அக்கரை என்றால் பிரிவு என்னும் கணக்கு அச்சிறு நெஞ்சிற் பதிந்துவிடும். குழந்தையின் அச்சம் என நாம் கருதுவதிற் பெரும்பங்கு, குழந்தைக்கு நாம் கடனாகக் கொடுத்த அச்சமே என்பது என் துணிபு.

ஆதலால் பயணத்துக்கு முன் குழந்தைக்கு அமைதி கூற விரும்பும் பெற்றோர், முதலில் தம் வீட்டு முதியோரோடு அமர்ந்து பேசவேண்டும். "அழாதீர்கள்" என்று அவர்களை அடக்குவது முறையன்று. அது நடவாததும் கூட. "அம்மாயி ஏன் அழுதாள் தெரியுமா? அவளுடைய தங்கை முன்பு கப்பலில் ஏறிப் போனாள். திரும்பி வர அரசாங்கம் வழிவிடவில்லை. இப்போது நாம் போய் அந்தத் தங்கையின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரப்போகிறோம்" என்று அந்த முதியவர் வாயாலேயே பிள்ளைக்குச் சொல்லச் செய்தல் வேண்டும். அங்ஙனம் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கட்டும். காரணம் தெரிந்த அழுகையைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வர். காரணம் தெரியாத அழுகையே அவர்களை இராப்பொழுதில் விழித்திருக்கச் செய்வது.

சிறுவர் கேட்கும் வினாக்களைச் செவிமடுத்தோர்க்கு ஒன்று புலனாகும். "கப்பல் மூழ்குமா?" என்பது அவர்கள் முதலிற் கேட்கும் வினா, ஆனால் அவர்கள் மெய்யாகவே அறிய விரும்புவது "நாம் திரும்பி வருவோமா?" என்பதாகும். முதல் வினாவை அவர்கள் உரத்த குரலிற் கேட்பர். இரண்டாவதைச் சுற்றிவளைத்துக் கேட்பர். "நாய்க்கு யார் சோறு வைப்பது?", "என் கொப்பியை மிஸ் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரா?", "நம் காம்பராவில் வேறு ஆள் வந்து இருப்பார்களா?" என்பன யாவும் அவ்வினாவின் வேடங்களே. இக்கடைசி வினா மலையகப் பிள்ளையைத் தவிர வேறெந்தப் பிள்ளைக்கும் தோன்றுமோ என்பது ஐயம். போனவர் காம்பராவில் மறுமாதம் வேறொருவர் குடிபுகுந்த கதையை நம் பிள்ளைகள் கேட்டே வளர்கின்றனர். சொந்தக் காணியும் வீடும் இல்லாத மக்களின் பிள்ளைக்கு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது என்பதே அச்சந்தருவதொன்று. இதற்குப் பெற்றோர் எவ்வளவு இன்சொற் கூறினும் முழு விடை ஆகாது. காணியுரிமை என்னும் பெரிய வழக்கு தீர்ந்தாலன்றி அவ்வினா சாகாது. அது நிற்க.

ஆயினும் திரும்பி வருதல் பற்றிப் பிள்ளைக்குக் கண்ணாற் காட்டத்தக்க சான்றுகள் உள. பயணச்சீட்டு வாங்கும்போது போகவரச் சேர்த்தே வாங்கி, திரும்பும் நாளைக் காட்டும் தாளைப் பிள்ளை கையிற் கொடுக்கலாம். சுவரில் மாட்டிய நாட்காட்டியில் போகும் நாளுக்கு ஒரு நிறமும் திரும்பும் நாளுக்கு ஒரு நிறமுமாகப் பிள்ளையே வட்டமிடட்டும். அவரை விதை இரண்டை ஒரு தகரப் பேணியில் ஊன்றி, அயல்வீட்டு அத்தையிடம் ஒப்படைத்து, "நாங்கள் வரும்போது இது எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டுச் செல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுச்சீட்டு இருக்கின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோர் ஆக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோர்க்கும் குடியுரிமை தந்து அந்நிலைக்கு முடிவு கட்டியது. பாட்டன் எடுத்துச்சென்றது ஒருவழிப் பயணத்துக்கான தாள். பேரன் எடுத்துச்செல்வதோ, எங்கே போனாலும் திரும்பி வந்து இந்நாட்டின் வாயிலில் நிற்க உரிமை தரும் புத்தகம். இதனை ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்க உரைக்கமுடியும். அதன் படத்தையும் பெயரையும் அப்புத்தகத்திற் காட்டி, "இது உன்னுடையது, இதைக் காட்டினால் உன்னைத் திரும்ப உள்ளே விடவேண்டும்" என்று கூறினால், அப்பிள்ளை அதனைப் பற்றிக்கொள்ளும் பற்றைக் காணவேண்டும்! காவலர் உடை தரித்தோரைக் கண்டு ஒளிந்துகொள்ளும் பிள்ளையும், குடிவரவு அதிகாரியின் முன் அதனை நீட்டத் தானே முந்தும்.

இனி, முதலாவது வினாவுக்கு வருவோம். "கப்பல் மூழ்குமா?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலோர் தரும் விடை, "சீ, அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்பது. அபசகுனம் என அஞ்சி வாயை மூடுகின்றனர். வேறு சிலர், "ஒன்றுமே நடவாது, அது ஊஞ்சல்போல் இருக்கும்" என்று தேனாகப் பேசுகின்றனர். இரண்டும் தவறு. முன்னது அச்சத்தை உள்ளே தள்ளித் தாழிடுகின்றது. பின்னதோ, முதல் அலை கப்பலைத் தூக்கிப்போட்டவுடன் பொய்யாகி, அதன்பின் பெற்றோர் கூறும் எதனையும் பிள்ளை நம்பாதபடி செய்துவிடுகின்றது. பிரித்தானியாவில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார் 1952இல் இரண்டு வயதுக் குழந்தையொன்று பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் கழித்த சில நாள்களைத் திரைப்படமாக எடுத்துக் காட்டினார். அழாமல் அடங்கியிருக்கும் குழந்தை அமைதியாய் இருக்கின்றது என்று அதுவரை நம்பியிருந்த மருத்துவர்களும் தாதியரும் அதனைக் கண்டு கலங்கினர். பெற்றோர் குழந்தையோடு இருக்க இடந்தரவேண்டும் என்னும் கொள்கை அங்கே வலுப்பெற அப்படம் பெரிதும் உதவியது. வாய்திறவாத குழந்தையின் அடக்கத்தைத் துணிவெனக் கொள்ளலாகாது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

உண்மையைக் கூறுவது என்றால் எல்லா உண்மையையும் ஒரே மூச்சிற் கொட்டுவதன்று. கேட்டதற்கு விடை கூறி, அடுத்த வினாவுக்குக் காத்திருத்தல் வேண்டும். கப்பல் மிதப்பது ஏன் என்பதை எந்த லயத்து வாசலிலும் காட்டலாம். சருவச்சட்டி நிறைய நீர் வைத்து, ஒரு சில்வர்க் கரண்டியைப் போட்டால் அது அடியிற் போய்விடும். அதே உலோகத்தாலான குவளையை நிமிர்த்தி வைத்தால் மிதக்கும். குவளை தன் வயிற்றளவு நீரை விலக்குகின்றது. விலக்கப்பட்ட நீர் அதனை மேலே தாங்குகின்றது. பின்னர் அக்குவளையினுள் சிறுகற்களை ஒவ்வொன்றாக இடச் சொல்லுங்கள். குவளை தாழ்ந்துகொண்டே போகும். "இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது" என்று குவளையின் புறத்தே பிள்ளையே ஒரு கோடு கீறட்டும். இதே கோடுதான் உலகத்துக் கப்பல்களின் பக்கத்திலும் உள்ளது. அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றிக் கப்பலோட்டிகளைக் கடலுக்கு இரையாக்கிய முதலாளிமாரோடு போராடி, 1876இல் பிரித்தானியாவில் அக்கோட்டைச் சட்டமாக்குவித்தவர் சாமுவேல் பிளிம்சோல். தொழிலாளர் உயிருக்காகப் போராடிய அவர் கதை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிக எளிதில் விளங்கும். டைட்டானிக் கப்பல் 1912இல் மூழ்கியபின், 1914இல் நாடுகள் கூடிக் கடலுயிர்ப் பாதுகாப்புக்கென உடன்பட்டன என்பதையும் சற்று வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லலாம். எவ்வாறாயினும் அது அத்திரைப்படத்தின் கதையைப் பிறர் வாயிலாகக் கேட்டே இருக்கும்.

பருவக்காற்றைப் பற்றியும் மறைக்கவேண்டுவதில்லை. உடப்புசல்லாவைப் பிள்ளைகளுக்கு அதனை விளக்குவது மிக எளிது. நம் பக்கத்து மலைச்சரிவு கிழக்கு நோக்கியது. வடகீழ்ப் பருவக்காற்றே நமக்குப் பெருமழை தருவது. பாக்கு நீரிணையைக் கலக்குவதும் அதே காற்றுத்தான். நம் தோட்டத்தில் மழை கொட்டி, கொழுந்துக்குப் போனவர்கள் கொங்காணியோடு நனைந்து வரும் மாதங்களிற் கடல் பொங்கும். அப்போது கப்பலை நிறுத்திவைப்பர். 2023இல் கப்பல் தொடங்கிய சில நாள்களுள் நின்றதைப் பலர் குறையாகப் பேசினர். பிள்ளைக்குச் சொல்லுதற்கு அதனினும் நல்ல செய்தி வேறில்லை. கடல் ஆகாதென்றால் கப்பல் புறப்படாது. அதனை ஓட்டுவோர் காற்றைப் பார்த்தே ஓட்டுகின்றனர். நாள் தள்ளிப்போகக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தல் நன்று. பெட்டி கட்டியபின் பயணம் நின்றுவிட்டால், அது தன் குற்றத்தால் நேர்ந்ததென்று எண்ணும் பிள்ளைகளும் உளர்.

குமட்டலையும் வாந்தியையும் பற்றி ஒரு வார்த்தை. இவ்விடயத்தில் நம் பிள்ளைகள் அனுபவசாலிகள்! இறம்பொடைக் கணவாயின் வளைவுகளிற் பேருந்திற் சென்று, கையில் உறையோடும் வாயில் எலுமிச்சங்காயோடும் கண்டி சேர்ந்த பிள்ளைக்குக் கடல் புதிதாக என்ன செய்துவிடப்போகின்றது? "பஸ்ஸில் வருமே, அதே போலத்தான்; வந்தால் உறை இருக்கிறது, முடிந்தால் போய்விடும்" என்பது போதும். காரணத்தையும் கூறலாம். உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு உடல் ஆடுகின்றது என்கின்றது; கப்பலின் உட்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ, ஆடவில்லை என்கின்றது. இவ்விரண்டு சாட்சிகளும் முரண்படுவதனால் மூளை குழம்புகின்றது. எனவே தொலைவில் வானமும் கடலும் கூடும் கோட்டை நோக்கியிருத்தல் நன்று. கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. கைத்தொலைபேசியிற் படம் பார்த்தல் குமட்டலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும். வெறுவயிற்றிலும் ஆகாது, வயிறு முட்ட எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது, ரொட்டித் துண்டோ, உப்புப் பிஸ்கட்டோ, சிறிது இஞ்சியோ போதும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இத்தொல்லை அரிது. ஒன்பது பத்து வயதளவிலேயே மிகுதி. மாத்திரைகளைப் பெரியவருக்கு வாங்கியதிற் பாதியை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது கூடவே கூடாது. அவற்றுட் சில மிகச் சிறு குழந்தைகளுக்குத் தீங்கானவை. மருத்துவரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும்.

கப்பலினுள் இயந்திரம் இரையும், சங்கு திடீரென ஊதும், தரை நடுங்கும், கழிப்பறை ஒடுக்கமாய் இருக்கும். இவை சிறியனவே. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிடின் சிறியனவே பெரியனவாகும். தோட்டத்துப் பிள்ளைக்குச் சங்கு தெரிந்ததே: "நம் தொழிற்சாலைச் சங்குபோல அதற்கும் ஒரு சங்கு." உயிர்காக்கும் அங்கியை அணிந்துகாட்டும்போது, அது ஆபத்து வந்துவிட்டதற்கான அறிகுறியன்று என்பதைத் தாய் தந்தையர் முன்னரே கூறிவைக்கவேண்டும். ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க நான்கு மணி நேரமளவில் ஆகும் என்பதைப் பிள்ளைக்கு மணிக்கணக்கிற் கூறாதீர். "பள்ளிக்கூடம் தொடங்கிப் பகல் இடைவேளை தாண்டும் நேரம்" என்று கூறுக. எப்போது சொல்லத் தொடங்குவது என்பதும் வயதைப் பொறுத்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு மாதம் முன்னரே சொல்லுதல் வீண். நாளை என்பதே அதற்கு விளங்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல்நாட் சொல்லுதலோ வஞ்சனை.

உல்லாசப் பயணக் கப்பல்களைப் பற்றியும் கேட்பார்கள். 2023 ஜூன் மாதத்திற் சென்னையினின்று புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் பெருங்கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. நீச்சற்குளமும் ஆடரங்கும் கொண்ட அக்கப்பலைக் கைத்தொலைபேசியிற் கண்ட பிள்ளை, நாம் ஏறும் கப்பலிலும் அவையெல்லாம் இருக்கும் என்று எண்ணி வந்து ஏமாறக்கூடும். நம் கப்பல் ஏறத்தாழ 150 பேர் அமரும் நாற்காலிக் கப்பல் என்பதை முன்னரே கூறிவிடுதல் நேர்மை. ஏமாற்றமும் அச்சத்தின் தங்கையே.

பழைய துயரங்களைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது, அவர்கள் களிப்போடு போய்வரட்டும் என்பார் நம்முட் கற்றோர் சிலர். அவர்கள் நோக்கம் நன்று. எனினும் யான் உடன்படேன். சொல்லாமல் விட்டால் பிள்ளை அறியாதிருக்கும் என்பது மெய்யாயின் அவர்கள் கூற்றை ஏற்கலாம். பிள்ளையோ பாதியை எப்படியும் அறிகின்றது. மறுபாதியைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கின்றது. கற்பனை நிரப்பியது வரலாற்றிலும் கொடியதாகவே இருக்கும். 2023இல், நம் மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். முன்னோர் நடந்த அவ்வழியின் ஒரு பகுதியைத்தான், உடப்புசல்லாவையிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் குடும்பம் மாத்தளைக்கு அப்பால் எதிர்த்திசையிற் கடக்கின்றது. தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தும்போது, "இந்தக் காட்டுப்பக்கமாகத்தான் நம் பூட்டனார் நடந்து வந்தார், நாம் இன்று வண்டியில் அந்தப் பக்கம் போகிறோம்" என்று தந்தை சொல்லுவாராயின், பிள்ளையின் வயதுக்கு அவ்வளவு போதும். எஞ்சியதைப் பதினைந்து வயதில் நூலகத்தில் அது தானே தேடிக்கொள்ளும்.

இனிப் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். சங்கம் ஆண்டுதோறும் விருந்தும் பரிசளிப்பும் விளையாட்டும் நடத்துகின்றது, அவற்றுக்குக் குறைவில்லை. மலையகத்திற் பிறந்து நம் கல்லூரியில் விடுதி மாணவராய்க் கற்றோர் பலர், யாழ்ப்பாணத்து நண்பர் வீடுகளிலேயே முதன்முதலிற் கடலைக் கண்டனர். அந்நட்பை இப்போது பயன்படுத்தலாம். கப்பலேற வரும் மலையகக் குடும்பம் விடியற்காலையிற் பேருந்தால் இறங்கி, தூக்கம் கலையாத பிள்ளையை இழுத்துக்கொண்டு நேரே துறைமுகத்துக்குள் நுழைவதே இன்றைய வழக்கம். கடலைக் கண்ட முதல் நிமிடமும் கப்பலேறும் நிமிடமும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு நாள் முன்னரே அவர்கள் வந்து, வடபுலத்துப் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் தங்கி, மாலையிற் கீரிமலைப் பக்கமோ காங்கேசன்துறைக் கரையோ சென்று, பிள்ளை காலை நனைத்து, நண்டை விரட்டி, உப்பு நீரை நாவில் வைத்துப் பார்த்து முகம் சுளிக்க ஒரு வாய்ப்பு அமையுமாயின், மறுநாட் காலை அதற்குக் கடல் அந்நியமாய் இராது. கரையிலிருந்தே கப்பலைச் சுட்டிக்காட்டி, "நாளை அதில்" என்று கூறவும் இயலும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. காங்கேசன்துறை, தெல்லிப்பழை, மாவிட்டபுரம் பகுதிகளில் வாழும் பழைய மாணவருள் ஓரிரவு விருந்தோம்ப இசைவோர் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் பதிந்துவைத்தாற் போதும். மலைநாட்டுக் கிளையார் பயணஞ்செய்யும் குடும்பங்களை அவரோடு தொடர்புபடுத்தலாம். பதிலுக்கு, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் விடுமுறையில் மலைக்கு வரும்போது அவர்களைக் கொழுந்து மலைக்கு அழைத்துச் செல்ல யாம் இருக்கின்றோம். அவர்களுக்கு எங்கள் வளைவுகளும் பனியும் அட்டைகளும் எவ்வளவு அச்சந்தருவன என்பதை யான் நன்கறிவேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்விண்ணப்பத்தை முறைப்படி முன்வைக்க எண்ணியுள்ளேன். வழிமொழிய விரும்பும் அன்பர்கள் அதற்கு முன்னரே எனக்கு ஓர் அஞ்சல் எழுதுவார்களாக.